அப்பா கேட்டு வாங்கிய ராக்கெட் பெட்டி

நம்மில் மிச்சமிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்த்தேன். மகள் பாதியில் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள். மருமகனுக்கு ஹட்டன் பஸ் வந்துவிட்டது. அவர்கள் மேல் குறை சொல்லவில்லை. ஒரு கதையை முடிவுவரை சொல்ல எனக்கே இப்போது களைப்பாகத்தான் இருக்கிறது. முழங்காலும் கண்ணும் போன பிறகு ஞாபகம் மட்டும் எதற்கு இவ்வளவு தெளிவாக நிற்கிறது என்று தெரியவில்லை. உங்களுக்கும் அப்படித்தானே?

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த காலம் உங்களுக்கு மறந்திருக்காது. கோதுமை மாவு கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தின்றோம். நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் அந்த வருடம் மழை வைகாசியிலேயே பிடித்துக்கொண்டது. ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்தில் துணி எதுவும் காயவில்லை. அடுப்புக்கு மேல் கட்டிய கொடியில் எப்போதும் ஈரமும் புகையும் கலந்த ஒரு வாடை. அந்த வாடை இப்போதும் எங்காவது வந்தால் எனக்கு அம்மாவின் முதுகுதான் ஞாபகம் வரும். அந்த மழைக்காலத்தில் அம்மா சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள்.

எனக்கு ஒன்பது வயது. அம்மாவுக்கு இரண்டாவது பிரசவம் ஆனது. குழந்தை அழவில்லை. மருத்துவச்சி அதைத் துணியில் சுற்றி வாசலில் நின்ற அப்பாவிடம் கொடுத்தாள். சித்தி என்னைப் பக்கத்துக் காம்பராவுக்குள் இழுத்துக்கொண்டாள். "அக்காவுக்குக் காட்டாதீங்க மாமா, பாத்தா மனசு தாங்காது," என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைச் சேமக்காலையில் புதைக்க முடியாது என்று கோயில் உபதேசியார் சொல்லிவிட்டாராம். அப்பா மம்பட்டியை எடுத்துக்கொண்டு மழையில் மலைப்பக்கம் போனார். திரும்பி வந்து, மலைத் தண்ணீர் விழும் பீலியில் கால் கழுவினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருந்தால் ஆறிவிடும் என்று பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து தீர்மானித்திருந்தார்கள்.

அம்மாவும் பேசவில்லை. சாப்பாட்டைப் பற்றி, என்னைப் பற்றி, எதைப் பற்றியும் பேசவில்லை. ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் வாசல் இஸ்தோப்பில் வரிசையாக உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்த்து, "பாவம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துப் போவார்கள். டிஸ்பென்சரி ஐயா சிவப்பாக ஒரு டானிக் கொடுத்தார். போத்தல் நிறைந்தபடியே இருந்தது. ஒருநாள் பகலில் அம்மாவைக் காணோம். ஆற்றங்கரையில், தண்ணீர் சுழித்துப் போகிற இடத்தில், கணுக்கால் நனைய நின்றவளைக் கொழுந்தெடுத்துத் திரும்பிய பெண்கள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் அதை விவரிக்கப் போவதில்லை.

மறுநாள் முதல் அப்பா அம்மாவைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன். பள்ளிக்கூடம் போகச் சொல்ல ஆளில்லை.

அப்பாவுக்கு வேலை துரைமார் கிளப்பில். தரைக்கு மெழுகு தேய்ப்பது, கண்ணாடிக் குவளைகளைத் துடைப்பது, ஈரம் ஏறாமல் கணப்பில் நெருப்புப் போடுவது. அந்த நேரத்தில் வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தார்கள். கிளப்புக்குச் சனிக்கிழமை மாலையில் மட்டும் இரண்டு மூன்று பேர் வருவார்கள். மற்ற நாட்களில் பெரிய கூடத்தில் நாங்கள் மூன்று பேர்தான். சுவரில் கொம்போடு மான் தலைகள். மூலையில் பில்லியார்ட்ஸ் மேசை. அதற்குப் பக்கத்தில், படங்குத் துணி போர்த்தி, அந்தப் பெட்டி.

துணியை அப்பா எடுத்தபோது நான் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். நான்கு இரும்புக் கால்களில் சாய்வாக நின்ற நீளமான பெட்டி. மேலே கண்ணாடி மூடியிருந்தது. தலைமாட்டில் நிமிர்ந்து நின்ற இன்னொரு கண்ணாடியில் படம் எழுதியிருந்தார்கள். கறுப்பு வானம், இடுப்பில் வளையம் போட்ட ஒரு கிரகம், நெருப்புக் கக்கிக்கொண்டு போகும் ராக்கெட், தலையில் கண்ணாடிச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்ட ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு ஒரு கண்ணில் சாயம் உதிர்ந்திருந்தது. அப்பா பின்னால் கையை விட்டுச் சுவிட்சைத் தட்டினார். பெட்டிக்குள்ளே எங்கேயோ ஒரு உறுமல். பிறகு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. சூடேறிய தூசியின் வாசனை வந்தது. ராக்கெட்டுக்குப் பின்னால் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிய, அது உண்மையாகவே பறக்கிற மாதிரி இருந்தது.

"வாரத்துக்கு ஒருக்கா ஓட்டலன்னா ஈரத்துல இறுகிப் போயிரும்னு தொரை சொல்லியிருக்காரு," என்றார் அப்பா.

காசு போட்டால்தான் அது ஓடும். அதுவும் வேறு நாட்டுக் காசு. அப்பா முன்பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, உள்ளே ஒரு கம்பியை விரலால் அழுத்துவார். டணார் என்று மணி அடித்து, எண்கள் எழுதிய உருளைகள் கடகடவென்று உருண்டு பூச்சியத்தில் வந்து நிற்கும். வலப்பக்கத்தில் ஒரு ஸ்பிரிங் குச்சி. அதை இழுத்துவிட்டால் இரும்புக் குண்டு மேலே ஓடி, காளான் மாதிரி நிற்கும் விளக்குகளில் மோதி மோதிக் கீழே இறங்கும். ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு மணி. அடியில் இரண்டு சின்னத் துடுப்புகள். பெட்டியின் இரண்டு பக்கத்திலும் உள்ள பொத்தானை அழுத்தினால் துடுப்புகள் எழும்பிக் குண்டை மேலே தள்ளும். தவறவிட்டால் குண்டு குழிக்குள் போய்விடும்.

அப்பா எப்போதும் தவறவிட்டார். குண்டு பக்கத்தில் வருவதற்கு முன்பே இரண்டு பொத்தானையும் மாறி மாறி அழுத்துவார். அம்மா கணப்புக்கு முன்னால் தரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது குண்டோ நாலாவது குண்டோ குழிக்குள் போனபோது, அவள் இருந்த இடத்திலிருந்து சத்தம் வந்தது.

"அவசரப்படுறீங்க."

அப்பா திரும்பவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். வாரக்கணக்கில் வாய் திறக்காதவள் பேசியிருக்கிறாள், அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு, "அப்ப எப்படி அடிக்கணும்?" என்று கேட்டார். அடுத்த குண்டை மட்டும் இழுத்துவிடாமல் வைத்திருந்தார்.

அம்மா எழுந்து வந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் அம்மா விளையாடினாள். பெரிய எண்ணிக்கை எல்லாம் எடுக்கவில்லை. கெட்டிக்காரி என்று சொல்ல மாட்டேன். ஆனால் குண்டோடு பேசுவாள். கோழியைக் கூட்டுக்கு விரட்டுகிற மாதிரி, "வா, வா, அங்குட்டுப் போகாத, இந்தா," என்பாள். நான் கவிழ்த்துப் போட்ட சோடாப் பெட்டியில் ஏறி நின்று பார்ப்பேன். அப்பா தரைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே, "எவ்வளவு புள்ள?" என்று கேட்பார். நான்தான் உருளையைப் பார்த்து வாசிப்பேன். மத்தியானம் கணப்பு நெருப்பில் ரொட்டி சுட்டுச் சம்பலோடு தின்போம். அம்மாவும் தின்றாள். வெளியே மழை தகரத்தில் இரைந்துகொண்டே இருக்கும். என் வாழ்க்கையில் நான் சுகமாக இருந்த நாட்கள் எவை என்று யாராவது கேட்டால், வெட்கத்தோடு அவற்றைத்தான் சொல்வேன். ஒரு குழந்தை செத்த வீட்டின் நாட்கள் அவை.

லயத்தில் வேறு மாதிரிப் பேசினார்கள். "வெள்ளக்காரன் பேய்ப் பொட்டிக்கு முன்னால அக்காவ நிப்பாட்டி வச்சிருக்காரு," என்று சித்தி பீலிக்கரையில் சொன்னாள். புத்தி பிசகிவிட்டது, கோடாங்கி வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள் சிலர். சித்தியும் கெட்டவள் இல்லை. எங்கள் வீட்டுக்கு இரண்டு வேளை சமைத்துப் போட்டவள் அவள்தான்.

கடைசித் துரையும் புறப்படும் நாள் வந்தது. கிளப்பை மூடிவிட்டார்கள். பில்லியார்ட்ஸ் மேசையை நுவரெலியாவுக்கு ஏற்றினார்கள். துரை, கிளப்பில் வேலை செய்தவர்களைப் படியில் நிறுத்தி, என்ன வேண்டும் என்று கேட்டார். சமையல்காரர் சுவர்க் கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். டிரைவர் ரேடியோவைக் கேட்டார். அப்பா என்ன கேட்க வேண்டும் என்று சித்தப்பா முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார். "ஸ்டோர்ல நிரந்தர வேல ஒண்ணு போட்டுத் தரச் சொல்லி ஒரு வார்த்த கேளுண்ணே. தொரை போறதுக்குள்ள சொன்னா நடக்கும்." ஸ்டோர் என்றால் தேயிலை ஃபேக்டரி. அங்கே வேலை என்றால் மழையில் நனைய வேண்டாம்.

அப்பா அந்தப் பெட்டியைக் கேட்டார்.

துரை சிரித்துவிட்டார். "இது நீ என்னா செய்றது? லயத்தில கரண்ட் ஏது?"

"வரும்னு சொல்றாங்க தொரை. அரசாங்கம் எடுத்ததும் லயத்துக்கெல்லாம் கரண்ட் போடுவாங்களாம்."

துரையின் சிரிப்பு நின்றுவிட்டது. படியோரமாக நின்ற அம்மாவையும் என்னையும் பார்த்தார். கையை அசைத்து, கொண்டு போ என்றார்.

அந்தத் தலைவர் வருவார், இந்தக் கட்சி செய்யும் என்று நம்பி நம் அப்பாமார் எத்தனை பேர் எதையெதைக் கேட்காமல் விட்டார்கள் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தபோது எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது.

லொறியில் கொண்டு வந்து இறக்கி, லயத்து ஆண்கள் சேர்ந்து படிக்கட்டில் தூக்கி வந்தார்கள். வாசலில் நுழையவில்லை. கதவைக் கழற்றினார்கள். உள்ளே வைத்தபோது எங்கள் காம்பராவில் பாதி போய்விட்டது. நான் படுக்கிற இடமும் போனது. அதனால் பெட்டிக்கு அடியில், நான்கு இரும்புக் கால்களுக்கு நடுவில் படுத்தேன். எனக்கு அது பெரிய சந்தோஷம். பார்க்க வந்த பிள்ளைகளை ஸ்பிரிங் குச்சியை இழுக்க விடுவேன். அதற்குக் கரண்ட் தேவையில்லை. குண்டு மேலே ஓடும், இருட்டில் சத்தமில்லாமல் உருண்டு குழிக்குள் விழும். துடுப்பு எழும்பாது. மணி அடிக்காது. அதையே திரும்பத் திரும்பச் செய்தோம்.

பள்ளிக்கூடத்து வாத்தியாரும் குடையோடு பார்க்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். குனிந்து பின்பக்கத்தில் இருந்த தகட்டை வாசித்தார். "இது ஏற்றுமதிக்கெண்டே செய்த சாமான். தங்கட நாட்டில விக்கிறதுக்கில்லை."

"நம்ம தேயில மாதிரிங்களா ஐயா?" என்றார் அப்பா.

"ஓம், அப்பிடித்தான். ஆனா தேயிலைக்குக் கரண்ட் தேவையில்லை," என்றார் வாத்தியார். அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை நான் பார்த்தேன்.

அம்மா அதைத் தொடவே இல்லை. மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ஆனால் இப்போது சுவருக்கும் அவளுக்கும் நடுவில் பெட்டி நின்றது. அப்பா விடவில்லை. "கொஞ்ச நாள் பொறு புள்ள. கரண்ட் வந்ததும் மொத நம்ம வீட்டுலதான்," என்பார். கண்ணாடியைத் துடைப்பார். ராக்கெட் பொம்பளையின் கண்ணைப் பற்றி ஏதாவது வேடிக்கை சொல்வார்.

ஒரு சாயங்காலம் காற்றோடு மழை. கூரைத் தகரம் ஒழுகத் தொடங்கியது. அப்பா சட்டிகளை எடுத்து வைத்தார். ஒரு ஒழுக்கு நேராகப் பெட்டியின் மேல் விழுந்தது. அப்பா ஓடிப் போய்ப் பெட்டகத்தைத் திறந்து, வீட்டில் இருந்த நல்ல கம்பளியை எடுத்தார். கல்யாணத்துக்கு வாங்கிய சிவப்புக் கரைக் கம்பளி. அதை விரித்து, நாலு பக்கமும் மடித்து, மெதுவாகப் பெட்டியைச் சுற்றினார்.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"எம்புள்ளைய எதுல சுத்திக் கொண்டு போனீங்க?"

அப்பாவின் கை கம்பளியிலேயே நின்றுவிட்டது.

"உங்களத்தான் கேக்குறேன். மழை பெஞ்சிச்சே அன்னைக்கி. எதுல சுத்துனீங்க?"

"துணிக்கு மேல என் சட்டையில," என்றார் அப்பா.

"ஆணா, பொண்ணா?"

"பொண்ணு."

எனக்கு ஒரு தங்கை இருந்தாள் என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அம்மா அப்பாவின் தோளில் அடித்தாள். மாற்றி மாற்றி அடித்தாள். "ஒரு வாட்டி காட்டியிருக்கக் கூடாதா? ஒரே ஒரு வாட்டி. நானா பெத்தேன், நீங்களா பெத்தீங்க? எனக்கு மெஷினு வேணாங்க. எங்க வச்சீங்கன்னு காட்டுங்க." பக்கத்துக் காம்பராக்களில் பேச்சு நின்றது. சித்தி ஓடி வந்து கதவில்லாத வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. அப்பா அடியை வாங்கிக்கொண்டே நின்றார். பிறகு அவரும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

விடிந்ததும் மூவரும் மலைக்குப் போனோம். அப்பா முன்னால், அம்மா நடுவில், நான் பின்னால். வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன ஆட்கள் வழி விட்டு நின்றார்கள். யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

மேலே ஏறியதும் அப்பா நின்றுவிட்டார். அந்த மலையைக் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். அவர் குழந்தையைக் கொண்டு வந்தபோது இடுப்பளவு பச்சையாக நின்ற செடிகள் எல்லாம் முழங்கால் உயரத்துக்கு மொட்டைக் கட்டைகளாக இருந்தன. வெட்டிய குச்சிகள், நாம் மிலாறு என்போமே, அவை தரை தெரியாமல் கிடந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி வரிசை. அப்பா ஒரு வரிசையில் கொஞ்ச தூரம் நடந்தார். திரும்பி வந்தார். மழைத்தண்ணீர்க் கானைத் தாண்டி வேறு வரிசையில் நடந்தார். அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். கடைசியில் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் நின்று, "இங்கதான்," என்றார்.

அம்மா அங்கே உட்கார்ந்து மிலாறுகளை ஒவ்வொன்றாக விலக்கினாள். சிவப்பு மண் தெரிந்ததும் உள்ளங்கையை அதில் வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். அப்பா அவளுக்குப் பின்னால் நின்று, கையோடு கொண்டுவந்த சிவப்புக் கரைக் கம்பளியை விரித்து மழைக்குப் பிடித்தார்.

அடுத்த வாரம் அம்மா கொழுந்துக்குப் போனாள். பெட்டி இன்னும் சில காலம் வீட்டில் நின்றது. பிறகு மரம் ஊதிப்போய் அடிப்பலகை விட்டது. மேல் கண்ணாடியை மாதா சிலை நிற்கும் கெபிக்குக் கொடுத்தோம். இரும்புக் கால்கள் சித்தப்பாவின் கோழிக்கூட்டுக்குப் போயின. ராக்கெட் படத்தை யார் கொண்டு போனார்கள் என்று தெரியவில்லை. இப்போது அந்த மாதிரிப் பெட்டிகளை வெளிநாட்டில் பெரிய விலைக்கு வாங்குகிறார்கள் என்று எங்கோ கேள்விப்பட்டேன். வாங்கட்டும்.

அந்தப் பெட்டிதான் அம்மாவைக் குணப்படுத்தியது என்று அப்பா கடைசிவரை நம்பினார். யார் வந்தாலும் சொல்வார். அம்மா மறுக்க மாட்டாள். ஒருநாள் நான் தனியாகக் கேட்டேன். "மெஷினா?" என்றாள். "அந்தக் கூடத்துல யாரும் என் மொகத்தப் பாக்கல. உங்கப்பாகூட குண்டத்தான் பாத்தாரு. அதனாலதான் மூச்சு விட முடிஞ்சிச்சு." இதை அப்பாவிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "எதுக்கு?" என்றாள்.

அப்பா ஸ்டோர் வேலை கிடைக்காமல் கவ்வாத்து வெட்டித்தான் காலத்தை ஓட்டினார். நெஞ்சுச் சளி அவரைக் கொண்டுபோனது. போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அம்மா மருந்து எடுக்கப் போயிருந்தபோது, என்னைக் கிட்டே கூப்பிட்டார். "அன்னைக்கிக் காட்டுன எடம்... எனக்கு நெசமாத் தெரியல பாப்பா. எல்லாம் ஒரே மாதிரி இருந்திச்சு. அவ நிக்கிறதப் பாக்க முடியாம ஒரு எடத்தக் காட்டிட்டேன். அம்மாகிட்ட சொல்லிராத."

நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லாரும் சேமக்காலைக்குப் போகும்போது, அம்மா அப்பாவின் குழிக்கு ஒரு மெழுகுவர்த்தி வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு அந்த மலைக்கு ஏறுவாள். நானும் கூடவே ஏறுவேன். வருடங்கள் போகப் போக அவள் நின்று நின்று ஏறினாள். பிறகு நானும் நின்று நின்று ஏறினேன்.

நாங்கள் கடைசியாக ஏறிய அந்த வருடம் அவளால் முடியவே இல்லை. பாதி வழியில் கானோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் முழங்கால் விண்ணென்று வலித்தது. களைப்பில்தான் வாய் தவறியது. "இதோட போதும்மா. அது அந்த எடம்தானான்னு யாருக்குத் தெரியும்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். கோபமில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"அந்த எடம் இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்," என்றாள். "கவ்வாத்து வெட்டுன மலையில எந்த மனுசனுக்குத் தெரியும், சொல்லு? கைய வச்சுப் பாத்தேன், தோண்டாத மண்ணு, கல்லு மாதிரி இறுகிக் கெடந்திச்சு. ஆனா அந்த மனுசன் ஒரு எடத்தக் காட்டாம இருந்திருந்தா, நான் இந்த மலை முழுக்கத் தேடிக்கிட்டே இருந்திருப்பேன்."

எழுந்திருக்கக் கை நீட்டினாள். பிடித்துத் தூக்கினேன். இருவரும் மெதுவாக மேலே ஏறினோம்.